சூனியக்காரி என்று பட்டம் கட்டுவது குற்றமா, வெறும் வாய்ச்சண்டையா?

கொருக்குப்பேட்டை மலர்:
எங்கள் தெருவில் கணவரை இழந்த பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. குறி கேட்டுவிட்டு வந்தவர்கள், பாட்டிதான் செய்வினை வைத்தார் என்றார்கள். மறுநாள் அவர் வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தது. தண்ணீர் லாரி வந்தபோது அவருடைய குடத்தைக் காலால் தள்ளினார்கள். ரத்தப் பரிசோதனையில் டைபாய்டு என்று தெரிந்து, குழந்தையும் தேறிவிட்டது. ஆனாலும் பாட்டியை இன்னும் சூனியக்காரி என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்குத் தனிச் சட்டம் வேண்டும்.

ராயபுரம் சேகர்:
படிக்கவே வேதனையாக இருக்கிறது, சகோதரி. ஆனால் அடித்தாலும் மிரட்டினாலும் தண்டிக்க ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. புதிதாக ஒன்று வந்தால் அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைப்பவரையும், பிள்ளைக்கு மிளகாய் சுற்றிப் போடும் தாயையும் அல்லவா பிடிப்பார்கள்? பீகார் 1999-லேயே சட்டம் போட்டது. கொலைகள் நின்றனவா?

மலர்:
நிற்கவில்லை. அங்கே ஒருத்தியைச் சூனியக்காரி என்று அடையாளம் காட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதற்கு யார் பயப்படுவார்கள்? மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தாபோல்கர் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த சட்டம், 2013 ஆகஸ்டில் அவரைச் சுட்டுக் கொன்ற பிறகுதான் வந்தது (இதை நினைத்தாலே மனம் கொதிக்கிறது). வீட்டிலும் கோயிலிலும் நடக்கும் வழிபாடு அதில் குற்றமில்லை. ஒருவரைச் சூனியம் வைப்பவர் என்று அறிவிப்பதுதான் குற்றம். பூசணிக்காய்க்கு ஒரு ஆபத்தும் இல்லை, அண்ணா. ஐ.நா. மனித உரிமை மன்றமும் 2021-ல் இந்தக் கொடுமைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது.

காசிமேட்டுப் பெண்:
என் அத்தையை யாரும் அடிக்கவில்லை. மூன்று மாதம் அவர் கூடையில் யாரும் மீன் வாங்கவில்லை, அவ்வளவுதான். புகார் கொடுக்கப் போனால், "யாராவது கை வைத்தார்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டு எண்ணூரில் மகளிடம் போய்விட்டார். சேகர் அண்ணன் சொல்லும் சட்டத்தில் இதற்கு எந்தப் பிரிவு?

ராயபுரம் சேகர்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் போலீஸ் உள்ளே வந்தால் தெருவில் பகை நிரந்தரமாகிவிடும். பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் தீராதா?

மலர்:
எங்கள் தெருவில் உட்கார்ந்தார்கள், அண்ணா. எரிகிற கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யும்படி பாட்டியிடம்தான் சொன்னார்கள். உள்ளங்கை நடுங்க அவரும் செய்தார். மறுநாள் லாரி வந்தபோது அவர் குடம் பழையபடி வரிசைக்கு வெளியே கிடந்தது.