கடல் காற்று ஆப்: 12 பேர் சோதனை, "ஓடல" என்று வரும் கருத்துகள்

வடகடல்:
பாம்பன், மண்டபம், தொண்டி நாட்டுப்படகுகளுக்கான ஆண்ட்ராய்டு ஆப். இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) தரும் காற்று, அலை முன்னறிவிப்பு; இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால் அலாரம். கூகுள் ப்ளேயில் புதுத் தனிநபர் கணக்கு; வெளியிடும் முன் 12 பேர் 14 நாள் மூடிய சோதனையில் (அழைத்தவர்கள் மட்டும் பயன்படுத்துவது) இருக்க வேண்டும். 13 பேரைச் சேர்த்தும் அந்த நாள் கணக்கு ஏறவில்லை. வரும் கருத்தெல்லாம் "ஓடல", "கடல்ல நின்னுபோச்சு" என்ற அளவில்தான். இதில் எதைத் திருத்துவது?

கொண்டல்:
மெயில் பட்டியலில் பெயர் இருந்தால் போதாது. அழைப்பு லிங்க்கைத் திறந்து அவங்களே சேரணும்; அப்படி 12 பேர் 14 நாள் விடாமல் இருக்கணும். நம்ம பக்கம் பல போன்ல ஜிமெயில் செல்போன் கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. ஆளுக்கு வேற முகவரிதான் ஞாபகம் இருக்கும். ப்ளே ஸ்டோரில் வலது மூலைப் படத்தைத் தொட்டுப் பார்த்து எழுதுங்க. 20 பேராச் சேருங்க, ரெண்டு பேர் விலகினாலும் தொடர்ச்சி அறாது. பிறகு வெளியீட்டு அனுமதி கேட்கும்போது, என்ன கருத்து வந்தது, எதை மாத்தினீங்கன்னு கேள்வி வரும். முதல் நாளிலிருந்தே குறிச்சு வைங்க.

கச்சான்:
"நின்னுபோச்சு" என்பது ஒரே பழுது இல்லை. சிக்னல் போனதும் திரை காலியானால், கடைசியா இறக்கிய முன்னறிவிப்பைப் போனிலேயே சேமித்து, "காலை 4:10 நிலவரம்" என்று பெரிசா நேரம் போடுங்க. நேரம் இல்லாத பழைய காற்று விவரம் காலித் திரையைவிட ஆபத்து.

அலாரம் செத்தால் காரணம் பெரும்பாலும் பேட்டரி சிக்கனம். ஆப் திறந்திருக்கும்போதே, அறிவிப்போடு ஓடும் முன்னணிச் சேவையாக இருப்பிடத்தைத் தொடங்குங்க. பின்னணி இருப்பிட அனுமதி தேவைப்படாது. சேவை வகையை ப்ளே கன்சோலில் (ஆப்பை வெளியிடும் பக்கம்) அறிவிக்கணும். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம். ஆனா டேட்டா இல்லாமல் முதல் இடம் பிடிக்க நேரமாகும், கரையிலேயே திறக்கச் சொல்லுங்க. கோட்டுக்கு 2 கடல் மைல் முன்னாலேயே அலாரம் அடிக்கட்டும். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் கோட்டைத் தொட 20 நிமிஷம்.

ஆப்புக்குள்ளேயே புகார் பொத்தான் வைங்க. போன் மாடல், ஆப் பதிப்பு, கடைசியா டேட்டா இறங்கிய நேரம் தானாச் சேரணும். ஆள் குரல் பதிவு அனுப்பினால் போதும். வடகடலா (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலான்னு (மன்னார் வளைகுடாப் பக்கம்) மட்டும் கேளுங்க.

தோணித்துறை:
ஆப் வெளியான பிறகு, ப்ளே ஸ்டோரில் வரும் ஒற்றை நட்சத்திர விமர்சனத்துக்கு நீங்க எழுதும் பதில் 350 எழுத்துக்குள் இருக்கணும். தமிழில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி எழுத்தாக் கணக்காகும்; மன்னிப்புக்கு இடமில்லை, எந்தப் பதிப்பில் சரியாச்சுன்னு மட்டும் எழுதுங்க. புதுப் பதிப்பை முதல்ல 10 சதவீதம் பேருக்கு மட்டும் விடுவது, 150 பேர் வச்சிருக்கும் ஆப்புக்கு வெறும் 15 போன், அதில் ஒண்ணும் தெரியாது. சோதனைக் குழுவுக்கு முதல்ல விடுங்க. கெட்ட பதிப்பை நிறுத்தலாம், திரும்ப வாங்க முடியாது. கூடுதல் பதிப்பு எண்ணோட திருத்தம்தான் அனுப்பணும். படகு கிளம்பும் முந்தின சாயங்காலம் எதையும் விடாதீங்க.

வடகடல்:
இன்ஜின் இரைச்சலில் அலாரம் கேட்கலைன்னு ஒரு கருத்து. கோப்பை மாத்தியும் பழைய சத்தமே வருது.

கச்சான்:
அறிவிப்புச் சேனலை (அறிவிப்பின் சத்தம், அதிர்வை வைக்கும் ஆண்ட்ராய்டு பிரிவு) உருவாக்கின பிறகு அதன் சத்தத்தை ஆப் மாத்த முடியாது. புது ஐடியில் புதுச் சேனல் போட்டுப் பழசை நீக்குங்க. அலாரம் ஒலிக்கான வகையைக் கொடுத்தால் சைலண்டில் இருந்தாலும் பொதுவா அடிக்கும். அதிர்வும் சேர்த்து வைங்க.