மூன்று மாதம் இருக்கிறது; 14,500 ரூபாய் கட்டி கம்ப்யூட்டர் கோர்ஸ் சேரலாமா?

எலுமிச்சைக்காரி:

வணக்கம். இந்த வருடம் பிளஸ் டூ எழுதியிருக்கிறேன். தமிழ் வழி, கணிதம்–உயிரியல் பிரிவு. அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸைப் பாடமாகப் படித்ததே இல்லை. இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்தாயிற்று. கட் ஆஃப் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஈசிஇ கிடைக்கும், இல்லாவிட்டால் ட்ரிபிள் இ. காலேஜ் திறக்க ஆகஸ்ட் கடைசி ஆகிவிடும் என்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சென்டரில் விசாரித்தோம். மூன்று மாதப் பேக்கேஜ்: சி, சி ப்ளஸ் ப்ளஸ், ஜாவா, பைத்தான் என்று நாலு புரோகிராமிங் மொழி, கணக்கு எழுதும் டேலி, போட்டோஷாப், கடைசியில் ஏஐ. மொத்தம் 14,500 ரூபாய். இந்த வாரமே கட்டினால் 2,000 குறைப்பார்களாம். பெரியப்பா மகன் ‘ஜாவா தெரியாமல் போனால் பிழைக்கவே முடியாது’ என்கிறான். டியூஷன் சார் ‘பைத்தான் மட்டும் போதும்’ என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பி.காம். படித்தவர், அவர் டேலி என்கிறார்.

அப்பாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை. பணம் கட்ட மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ‘இதுல எது உனக்கு வேணும்னு நீயே சொல்லு’ என்று மட்டும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் கிடக்கிறது. 4 ஜிபி ராம், பேட்டரி போய்விட்டது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ஆன் ஆகி முடிக்க ஏழு நிமிடம். இதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியுமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

மூன்றாம்வருஷம்:

நான் மெக்கானிக்கல். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்டத்தில்) சேர்ந்தவன். எங்களுக்கு முதல் செமஸ்டரில் எந்தக் கிளையாக இருந்தாலும் பைத்தான் உண்டு. முதல் யூனிட்டில் கம்ப்யூட்டரே வராது. ஃப்ளோ சார்ட், அல்காரிதம், ஹனாய் கோபுரம் என்ற வட்டு அடுக்கும் புதிர், அடுக்கி வைத்த சீட்டுக்கட்டில் புதுச் சீட்டை எங்கே செருகுவது, இப்படித்தான் போகும். ரெகுலேஷன் மாறும்போது எது முதலில் வரும் என்பது மாறும், அவ்வளவுதான். எதுவாக இருந்தாலும் அச்சரத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அதற்காக 14,500 கட்டாதீர்கள். என் ஃபிரெண்டு ஒருவன் இப்படித்தான் ஒரு சென்டரில் ஐந்து மொழி படித்தான். பிரேம் போட்ட சர்ட்டிபிகேட் வீட்டில் தொங்குகிறது. முதல் இன்டர்னலில் என்னைவிட நாலு மார்க் கம்மி.

லேப் அக்கா:

திருநெல்வேலிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் 17 வருடமாகக் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். பாடம் எடுப்பவள் இல்லை. சிஸ்டம் எழுந்திருக்காவிட்டால், பிரிண்டரில் பேப்பர் சிக்கினால், பிராக்டிகலில் பிள்ளைகள் முழித்தால் கூப்பிடுகிற ஆள். அதனால் நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறதம்மா. சென்டர்க்காரர் சொல்வதும் உன் அண்ணன் சொல்வதும் இல்லை அது.

முதல் வருடப் பிள்ளைகள் முதல் மாதத்தில் திணறுவது பைத்தானில் இல்லை. பைத்தானுக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே திணறிவிடுகிறார்கள். போன வருடம் ஒரு பையன் ரெக்கார்டுக்குப் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவோடு வந்தான். ஃபைலைத் திறந்தால் திறக்கவில்லை. பார்த்தால் ஐகானின் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி, சைஸ் 1 கேபி. டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டைக் காப்பி பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். அசல் ஃபைல் அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. பையன் மக்கு இல்லை, கணக்கில் செண்டம். போனிலேயே வளர்ந்த பிள்ளைகள். போனில் ஃபைல் எங்கே இருக்கிறது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. கேலரியைத் தொட்டால் படம், வாட்ஸ்அப்பைத் தொட்டால் பிடிஎஃப். கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. காலேஜிலும் சொல்ல மாட்டார்கள். தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடம் ஆரம்பிக்கும்.

ஆகையால் முதல் வாரம் இதைச் செய். லேப்டாப்பில் உன் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் நாலு ஃபோல்டர். ஃபைலைச் சேமித்து, மூடி, வேறு இடத்துக்கு நகர்த்தி, பெயர் மாற்றி, ஜிப் பண்ணி, உனக்கே மெயில் அனுப்பி, போனில் இறக்கித் திறந்து பார். மெயிலில் சப்ஜெக்ட் எழுது. சப்ஜெக்ட் இல்லாமல் வெறும் அட்டாச்மென்ட் அனுப்புகிறவர்கள் பட்டியல் என்னிடம் வருடா வருடம் நீளுகிறது.

அடுத்தது கீபோர்டு. பிராக்டிகல் மூன்று மணி நேரம். புரோகிராம் மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைகூட ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கும். ஒரே ஒரு பெரிய எழுத்துக்காகக் கேப்ஸ் லாக்கை அமுக்கி, எழுத்தை அடித்து, மறுபடி கேப்ஸ் லாக்கை எடுக்கும். அடைப்புக்குறி எங்கே, கோலன் எங்கே, அண்டர்ஸ்கோர் எங்கே என்று தேடுவதில் பாதி நேரம் போய்விடும். உங்கள் ஊரில் பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இன்னும் இருந்தால் அங்கே போ. அந்த 14,500-இல் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப், செமிகோலன் எல்கேஜேஹெச்ஜே என்று அதே பொத்தான்களைத் திரும்பத் திரும்ப அடிப்பது பத்து நாள் கடுப்பாக இருக்கும். அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. உங்கள் அப்பா கமிஷன் கடை வைத்திருக்கிறார் என்றாயே, சிட்டைப் புத்தகம் இருக்கும். ஒரு வாரத்துச் சிட்டையை எடுத்து லிப்ரே ஆபிஸ் கால்க்கில் (எக்செல் மாதிரி கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் மென்பொருள்) ஏற்று. தேதி, விவசாயி பெயர், எத்தனை மூடை, எத்தனை கிலோ, என்ன விலை, தொகை, கமிஷன், இறக்குக்கூலி, கையில் கொடுத்தது. இவ்வளவுதான் தலைப்பு. எண் எழுதும் கட்டத்தில் ‘45 கிலோ’ என்று எழுதாதே, 45 மட்டும் எழுது. கிலோ என்று சேர்த்தால் அது எண் இல்லை, எழுத்து. எழுத்தைப் பெருக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் பிழை காட்டும். ஒருவரையே ஒரு நாள் ‘மாடசாமி’ என்றும் மறுநாள் ஊர்ப் பெயர் சேர்த்து ‘மாடசாமி சிந்தாமணி’ என்றும் எழுதினால் அதற்கு அவர்கள் இரண்டு பேர். ஆளுக்கு எவ்வளவு பாக்கி என்று பிரித்துப் பார்க்கும்போது இது புரியும். புரோகிராம் எழுதுகிறவர்கள் டேட்டா டைப் என்று பெரிதாகச் சொல்வது இதைத்தான். பைத்தானில் இரண்டு எண்களை வாங்கிக் கூட்டச் சொன்னால் 5-ம் 7-ம் சேர்ந்து 57 வரும். முதல் மாதம் லேபில் பாதிப் பேர் அதைப் பார்த்து முழிப்பார்கள். கீபோர்டில் அடித்தது எண்ணாக வரவில்லை, எழுத்தாக வந்திருக்கிறது. மூடைக் கணக்கில் ஒரு தடவை பட்டவளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

லிப்ரே ஆபிஸ் இலவசம். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுட்டோரியல் தளத்தில் அதற்குத் தமிழில் பேசி விளக்கும் குட்டிக் குட்டி வீடியோக்கள் இருக்கின்றன. புரோகிராம் எழுதிப் பார்த்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் தமிழிலேயே இணையத்தில் கிடைக்கிறது, அதில் ஐந்தாவது பாடத்திலிருந்து பைத்தான்தான். அங்கிருந்து நாலு பாடம் போதும். போட்டோஷாப், ஜாவா, டேலி மூன்றும் உனக்கு இப்போது வேண்டாம். டேலி மோசம் இல்லை. உன் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது சோறு, உனக்கு இல்லை.

பெங்களூரு_தம்பி:

அக்கா சொல்வது சரிதான், ஆனால் ரொம்ப மெதுவாகப் போகிறது. நான் சாஃப்ட்வேரில் எட்டு வருடம். இன்டர்வியூவுக்கு வரும் பிள்ளைகளில் பள்ளியிலேயே கோடிங் ஆரம்பித்தவர்கள் தனியாகத் தெரிகிறார்கள். இப்போதே லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்), கிட் (கோடில் செய்த மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி), கொஞ்சம் டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கி வைக்கும் முறைகள்) ஆரம்பித்துவிடுவது நல்லது. ஹார்வர்டின் சிஎஸ்50 இலவசமாகவே பார்க்கலாம், ஸ்க்ராட்ச்சில் தொடங்கி சி-க்குப் போகும். இன்னொன்று, இந்தக் காலத்தில் சாட்ஜிபிடியே கோடு எழுதிவிடுகிறது. டைப்பிங் கிளாஸெல்லாம் எதற்கு?

லேப் அக்கா:

தம்பி, நீங்கள் பார்ப்பது இன்டர்வியூ வாசல் வரை வந்து சேர்ந்தவர்களை. நான் பார்ப்பது முதல் செமஸ்டரில் அரியர் வைத்துவிட்டு ‘கம்ப்யூட்டர் எனக்கு வராது மேடம்’ என்று சொல்லிவிடுகிறவர்களை. தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் அதில் அதிகம், அவ்வளவு சீக்கிரம் அந்த முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சிஎஸ்50 நல்லதுதான். ஆனால் அந்த வாத்தியார் பேசும் வேகத்துக்கு இந்தப் பிள்ளை முதல் வாரமே லேப்டாப்பை மூடிவிடும். கொஞ்சம் தாண்டி வரட்டும். டேட்டா ஸ்ட்ரக்சர் பிறகு பாடமாகவே வரும்.

சாட்ஜிபிடி விஷயம்: லேபில் எல்லோரும் அதில்தான் எடுக்கிறார்கள், எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பது ஒரே கேள்வி: ‘இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?’ பிள்ளை என்னைப் பார்க்கும். நான் ஃபேனைப் பார்ப்பேன்.

லினக்ஸ் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் இந்தப் பிள்ளைக்கு இப்போதே உதவும். அந்த லேப்டாப் ஏழு நிமிடம் எடுப்பதற்குப் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருக்கும். சர்வீஸ் கடையில் கொடுத்து அதற்குப் பதில் எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) மாற்றிவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போடு. 4 ஜிபி அதற்குப் போதும். மாற்றுவதற்கு முன்னால் அக்காவின் போட்டோக்களை எடுத்து வைத்துவிடு. அதுவே உனக்கு முதல் பாடம்.

தாலுகா_டைப்பிஸ்ட்:

இன்ஸ்டிட்யூட் என்றதும் உள்ளே வந்தேன். தங்கச்சி, சும்மா பழகினால் போதும் என்று நின்றுவிடாமல் அரசுத் தேர்வும் எழுதிவிடு. ஆங்கிலம் லோயர் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் 45. நான் இன்ஜினியரிங் படித்து, வேலை கிடைக்காமல் சுற்றி, கடைசியில் டிஎன்பிஎஸ்சி டைப்பிஸ்ட் வேலைக்கு வந்தது விடுமுறையில் அம்மா அடித்து அனுப்பிய டைப்ரைட்டிங் கிளாஸால்தான். (கம்ப்யூட்டர் தேர்வு ஒன்று தனியாக உண்டு, ஆபிஸ் ஆட்டோமேஷன் என்பார்கள். அதை அப்புறம் எழுதலாம்.)

தமிழுக்குத் தமிழ்99 கீபோர்டு அமைப்பைப் பழகு, அதற்குக் கிளாஸ் தேவையில்லை. இடது கைப் பக்கம் உயிரெழுத்து, வலது கைப் பக்கம் பெரும்பாலும் மெய். ‘அம்மா’ என்று அடிக்க ஆங்கில ஏ, கே, கே, க்யூ பொத்தான்கள். நாலே தட்டு, புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். அப்பா கடைக் கணக்கில் விவசாயி பெயர்களைத் தமிழிலேயே ஏற்றலாம்.

எலுமிச்சைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. சென்டரில் சேரவில்லை. எஸ்எஸ்டி மாற்றியாயிற்று, இப்போது ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. காலை ஏழு மணிக்கு டைப்ரைட்டிங் போகிறேன், சுண்டுவிரல் இரண்டும் வலிக்கிறது.

சிட்டையில் ஒரு வாரம் ஏற்றினேன், 63 வரி வந்தது. லேப் அக்கா சொன்ன மாதிரியே ஒரே ஆள் மூன்று பெயரில் இருந்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எது யார் என்று சொன்னார். ஆனால் ஒரு சிக்கல். கமிஷன் சதவீதத்தை மேலே ஜே1 கட்டத்தில் எழுதிவிட்டு, இரண்டாவது வரியில் எஃப்2-வை ஜே1-ஆல் பெருக்கச் சொன்னேன். சரியாக வந்தது. அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் மீதி 62 வரியிலும் கமிஷன் பூஜ்யம் என்று வருகிறது. ‘விவசாயிக்கு இது நல்ல கணக்கா இருக்கே’ என்று அப்பா சிரிக்கிறார். எங்கே தப்பு?

லேப் அக்கா:

சூப்பர். தப்பு உன்னுடையது இல்லை, அதன் சுபாவம் அப்படி. கீழே இழுக்கும்போது எஃப்2 எஃப்3 ஆகிறது இல்லையா, கூடவே ஜே1-ம் ஜே2 ஆகிவிடும். ஜே2 காலிக் கட்டம். காலியால் பெருக்கினால் பூஜ்யம். மூன்றாவது வரியில் கிளிக் பண்ணி மேலே இருக்கும் பட்டையைப் பார், தெரியும்.

இரண்டாவது வரிக்குப் போய் ஜே-க்கு முன்னால் ஒரு டாலர் குறி, 1-க்கு முன்னால் ஒரு டாலர் குறி போடு. ‘இதை நகர்த்தாதே’ என்று அர்த்தம். கர்சரை ஜே1 மேல் வைத்து எஃப்4 அமுக்கினாலும் அதுவே போடும். லேப்டாப்பாக இருந்தால் கூடவே எஃப்என் பொத்தானையும் பிடிக்க வேண்டியிருக்கலாம். அப்புறம் மறுபடி கீழே இழு. கடைசி வரி என்ன காட்டுகிறது என்று எழுது.