குறுக்கீடு வேண்டாம், மறிப்பு இருக்கட்டும்

அன்புடையீர், வணக்கம்.

நம் கலைச்சொல் குழுவில், 'ஆர்.என்.ஏ. இன்டர்ஃபெரன்ஸ்' என்ற உயிரியல் சொல்லுக்குத் தமிழில் 'ஆர்.என்.ஏ. குறுக்கீடு' என்பதையே வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம் என்று ஐயா நேற்று எழுதியிருந்தார். பலரும் அதற்கு உடன்பட்டதைப் பார்த்தேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. வயல் எலிகளைப் பற்றியும் அவற்றால் பரவும் நோய்களைப் பற்றியும் உழவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் இந்தச் சொல் வரும் இடமெல்லாம் குறுக்கீடு என் காலை வாரிவிடுகிறது. ஏன் என்று சொல்ல, நடப்பது என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

உயிரணுவின் உட்கருவில் இருக்கும் மரபணு, புரதம் செய்வதற்கான குறிப்பைப் படியெடுத்து வெளியே அனுப்புகிறது. அந்தப் படிதான் தூது ஆர்.என்.ஏ. அதற்குத் 'தூது' என்று பெயர் வைத்தவருக்கு நல்ல காது. அந்தத் தூது, புரதம் கட்டும் ரைபோசோமைச் சேர்ந்தால் புரதம் உருவாகும். ஆர்.என்.ஏ. இழையின் ஒவ்வோர் அலகையும் ஓர் எழுத்து என்போம். ஏறத்தாழ 21 எழுத்து நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ. துண்டு ஒன்று, ஆர்கோனாட் என்ற புரதத்தின் மேல் அமர்ந்துகொண்டு, தன் எழுத்துகளோடு இணைசேரும் தூதைத் தேடிப் பிடிக்கிறது. பிடித்ததைச் சில வேளை வெட்டிப் போடுகிறது. சில வேளை வெட்டாமலே படிக்கவிடாமல் நிறுத்தி வைக்கிறது. மரபணு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. பேச்சுதான் போய்ச் சேர்வதில்லை.

இது கண்ணில் பட்ட விதமும் நம் சொல்லுக்கு உதவும். 1990இல் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க எண்ணி, நிறம் தரும் மரபணுவின் கூடுதல் படியைச் செடிக்குள் செலுத்தினார்கள். பல பூக்கள் வெள்ளையாகவோ வெள்ளைத் திட்டுகளுடனோ மலர்ந்தன. மரபணு கூடியது, நிறம் போனது. விடை 1998இல் கிடைத்தது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற சின்னஞ்சிறு புழுவுக்குள் ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ குழுவினர் ஈரிழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினார்கள், தசை மரபணு ஒன்றின் தூது அழிந்து புழு துடிக்கத் தொடங்கியது. ஓரிழையாகச் செலுத்தியபோது விளைவு மிகக் குறைவு. 2006இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது குறுக்கீட்டுக்கு வருகிறேன். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் அது ஒளி அலைகளுக்கு உரிய சொல். இரண்டு அலைகள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன, கூடியும் குறைந்தும் பட்டைகளைக் காட்டுகின்றன, பிறகு இரண்டும் சேதமில்லாமல் தத்தம் வழியே போய்விடுகின்றன. ஆர்.என்.ஏ. விஷயத்தில் ஒன்று வேட்டைக்காரன், மற்றது இரை. இயற்பியலில் குறுக்கீட்டைப் படித்துவிட்டு உயிரியல் வகுப்புக்கு வரும் மாணவன் இதை எப்படிக் கற்பனை செய்வான்? இலங்கைப் பாடநூல்களில் ஒளிக்கு வழங்கும் 'தலையீடு' என்பதை எடுத்தாலும் இதே சிக்கல்தான். அதோடு, அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பது என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. இன்டர்ஃபெரான் என்ற புரதம் 1957இல் கண்டறியப்பட்டது. ஒரு வைரஸ் புகுந்த உயிரணுவில் இன்னொரு வைரஸ் பெருக முடியாமல் போவதை ஆய்ந்தபோது கிடைத்தது. 'குறுக்கிடுதல்' என்று பொருள்படும் அதே ஆங்கில வேரிலிருந்துதான் அதற்குப் பெயர் வந்தது. பாலூட்டிகளின் உயிரணுவுக்குள் நீளமான ஈரிழை ஆர்.என்.ஏ. நுழைந்தால், வைரஸ் வந்துவிட்டது என்று உடல் எடுத்துக்கொண்டு இன்டர்ஃபெரானைச் சுரக்கும். குறிப்பிட்ட ஒரு தூது என்றில்லாமல் உயிரணுவின் புரத உற்பத்தியே முடங்கும். 2001இல் தாமஸ் டுஷ்ல் குழுவினர் 21 எழுத்துத் துண்டுகளைப் பயன்படுத்தி இந்தக் கூச்சலை எழுப்பாமலே மனித உயிரணுவில் தனித் தூதை அழித்துக் காட்டினார்கள். ஆக, ஒன்றைத் தூண்டாமல் இன்னொன்றைச் செய்வதுதான் இந்தத் துறையின் திறமையே. இரண்டுக்கும் ஒரே வேரிலிருந்து பெயர் வைத்தால், எதைத் தவிர்க்க வேண்டுமோ அதன் பெயரையே செய்ய வேண்டியதற்கும் சூட்டியதாகும்.

'மரபணு மௌனமாக்கல்' என்று சகோதரி ஒருவர் முன்வைத்திருந்தார். அழகான சொல், ஆனால் மௌனமாவது மரபணு அல்ல. குரோமோசோமிலேயே மரபணுவைப் பூட்டி வைக்கும் வேறு நிகழ்வுகள் உண்டு. அவற்றுக்கு இது பொருந்தும். அதற்காக எடுத்து வைப்போம்.

என் பரிந்துரை 'தூதுமறிப்பு'. தூதை வழிமறித்தல். விளக்கம் கேட்காமலே புரியும் என்று நம்புகிறேன். வெட்டினாலும் மறிப்புதான், வெட்டாமல் நிறுத்தினாலும் மறிப்புதான். 'தூதறுப்பு' என்றால் பின்னது விடுபட்டுப்போகும். மறி என்ற வேர் நம் எல்லா ஊர்களிலும் உயிரோடு இருக்கிறது. இங்கே சாலை மறியல். யாழ்ப்பாணத்தில் பஸ்ஸை மறித்து ஏறுவார்கள். இலங்கை நீதிமன்றச் செய்திகளில் விளக்கமறியல். மூன்றிலும் போகிற ஒன்றை நிறுத்தி வைப்பது என்ற கருத்தே ஓடுகிறது. மறி என்றால் ஆட்டுக்குட்டியும்தானே என்று ஒருவர் கேட்கக்கூடும். ஆய்வுக்கூடத்தில் அந்தக் குழப்பம் எழ வாய்ப்பில்லை.

மறிக்கும் அந்த 21 எழுத்துத் துண்டுக்கு 'மறி ஆர்.என்.ஏ.' என்ற பெயர் போதும். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை: மறித்த, மறிக்கின்ற, மறிக்கும். கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரான் என்ற மறி ஆர்.என்.ஏ. மருந்தைத் தொடக்க ஊசிகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். முக்காலமும் அடங்கிய பெயர் அதற்குத் தகும்.

தஞ்சை வயல்களில் மூங்கிலை வளைத்துக் கட்டும் எலிப்பொறிக்குக் கிட்டி என்று பெயர். கிட்டிப் பிடிப்பதால் கிட்டி. அகராதியைப் பார்த்து யாரும் வைத்த பெயரில்லை, வேலையைப் பார்த்து வைத்தது. நீளமான ஈரிழையைத் துண்டுகளாக்கும் நொதிக்கு ஆங்கிலத்தில் காய் நறுக்குவதிலிருந்து 'டைசர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் 'நறுக்கி' என்றே சொல்லிவிடலாம். ஆர்கோனாட்டை மட்டும் தொட வேண்டாம். அதைக் கிரேக்கக் கதையின் மாலுமிகள் என்று எண்ணிக் 'கலவன்' என்று பெயர்க்க ஒரு முயற்சி இங்கே நடந்தது. அந்தப் பெயர் ஒரு செடியிலிருந்து வந்தது. மரபணு பழுதான அராபிடாப்சிஸ் செடியின் இலைகள் ஆர்கோனாட்டா என்ற சிறு பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) இனத்தைப் போலத் தெரிந்ததால் வைத்தது. கதையைப் பெயர்த்தால் பொய்யாகிவிடும்.

எலிக்கு வருவோம். வார்ஃபரின் 1948இல் எலிக்கொல்லியாக வந்தது. 1954இல் மனிதருக்கு இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தானது. எலியின் கல்லீரலில் கே வைட்டமினைப் புதுப்பிக்கும் நொதியை அது முடக்குகிறது, இரத்தம் உறையாமல் எலி சாகிறது. 1958இலேயே ஸ்காட்லாந்தில் அதற்குச் சாகாத எலிகள் தென்பட்டன. பிறகு வந்த புரோமடையோலோன், புரோடிஃபாகூம் போன்றவை வலுவானவை. எலியின் கல்லீரலில் நெடுநாள் தங்கி, அந்த எலியைத் தின்னும் கூகையையும் கொல்கின்றன. எலி பிடிக்கும் கூகை சாவது உழவருக்கு இரட்டை நட்டம். எலியின் தூதில் மட்டும் உள்ள எழுத்து வரிசையைக் குறிவைத்தால் கூகைக்கும் நாய்க்கும் ஊறு நேராது என்ற ஆசையில்தான் ஆய்வாளர்கள் மறி ஆர்.என்.ஏ.வின் பக்கம் பார்க்கிறார்கள். முதல் மறி ஆர்.என்.ஏ. மருந்தான பட்டிசிரான் 2018இல் மனிதருக்காக ஒப்புதல் பெற்றது. வார்ஃபரின் எலியிடமிருந்து மருத்துவமனைக்கு வந்தது. இது எதிர்த்திசையில் நடக்கப் பார்க்கிறது. வயலுக்கும் மருத்துவமனைக்கும் ஒரே சொல் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். 'மறிமருந்து' என்றால் இரண்டு இடத்திலும் நிற்கும். எலிக்கு வைப்பதையும் நம் மக்கள் மருந்து என்றுதானே சொல்கிறார்கள்.

கையேட்டில் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதப் போகிறேன்: எலிக்கான மறிமருந்து இன்று கடையில் வாங்கும் பொருளல்ல. உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிராகத் தெளிக்கும் ஈரிழை ஆர்.என்.ஏ. அமெரிக்காவில் 2023இல் பதிவாகிவிட்டது. அந்த வண்டு தின்றாலே தூது மறிபடுகிறது. ஆனால் எலியின் வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடுகின்றன. மனித மருந்துகள் ஊசியாகப் போவதும் இதனால்தான். ஊசி போட்டு வயலெலியை ஒழிக்க முடியாது. அடுத்து, மறிப்பு மரபணுவை அழிப்பதில்லை. தூதின் அளவைக் குறைக்கிறது, மருந்து தீர்ந்தால் தூது மீண்டும் ஓடும். மரபணுவை அடியோடு எடுப்பதை 'நீக்கம்' என்றும் மறிப்பால் தூது குறையும் இந்த விளைவைத் 'தணிப்பு' என்றும் பிரித்துச் சொல்லலாம்.

அளவுச் சொற்களில் நமக்குள் தகராறு வேண்டாம். 'சிறு ஆர்.என்.ஏ.' என்பது குடும்பப் பெயராக இருக்கட்டும். பாக்டீரியாவிலும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் உண்டு, நறுக்கி இல்லாமலே அவை தூதுகளோடு ஒட்டி வேலை செய்கின்றன. கொள்ளைநோயை உண்டாக்கும் யெர்சினியா பெஸ்டிஸிடமிருந்து, சிறு ஆர்.என்.ஏ.க்களுக்குத் துணைநிற்கும் புரதம் ஒன்றை நீக்கினால் அதன் நோயூட்டும் வலிமை குறைந்துவிடுகிறது. ஆகவே மறி என்பதைக் குடும்பம் முழுவதற்கும் சூட்டக் கூடாது. விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் 2024இல் நோபல் பெற்ற வகைக்கு 'நுண் ஆர்.என்.ஏ.' பொருத்தமானது. அது நம் உயிரணுவே தனக்காகச் செய்துகொள்வது. பெரும்பாலும் மறிக்கத்தான் செய்கிறது, ஆனால் எப்போதுமல்ல. கல்லீரலில் நிறைந்திருக்கும் மிர்-122 என்ற நுண் ஆர்.என்.ஏ., ஹெபடைடிஸ் சி வைரஸின் ஆர்.என்.ஏ.வில் ஒட்டி அதைக் காப்பாற்றுகிறது. அதை அகற்றினால் வைரஸ் தளர்கிறது. இதற்கு மறி என்று பெயர் வைத்திருந்தால் எவ்வளவு தவறாகியிருக்கும்.

எலிக்காய்ச்சல் என்ற சொல்லைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அதை மாற்றவே வேண்டாம். அந்த நோயைத் தரும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, சிறுநீர் வழியே சேற்றில் கலந்து, காலில் உள்ள கீறல் வழியாக நமக்குள் நுழைகிறது. நடவு வயலில் இறங்குபவருக்கு நோயின் மூலத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஒரு சொல் எனக்கு இன்னும் சரியாக அமையவில்லை. 21 எழுத்தும் பொருந்தினால்தான் பிடிக்கும் என்பதில்லை. முன்பகுதியில் உள்ள ஏழெட்டு எழுத்து பொருந்தினாலே மறி ஆர்.என்.ஏ. சில வேளை வேறொரு தூதையும் மறித்துவிடும். எலிக்கு வைத்தது கூகையின் தூதில் போய் ஒட்டினால் என்ன செய்வது என்பது இந்த ஆய்வின் முதன்மையான கவலைகளில் ஒன்று. அதைப் 'பிறழ்மறிப்பு' என்று குறித்து வைத்திருக்கிறேன். நஞ்சுண்ட எலியைத் தின்று கூகை சாவது வேறு. அதற்கு 'இரைவழி நஞ்சேற்றம்' என்று எழுதியிருக்கிறேன். பின்னது நீளமாகத் தெரிகிறது. வயலில் வழங்கும் சொல் ஏதேனும் உங்களில் யாருக்காவது தெரிந்தால், வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். கையேடு அன்று அச்சுக்குப் போகிறது.