துபாய்: 7,500 திர்ஹாம் சம்பளத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பலாமா?

உறையூர் சிவில்:

வணக்கம். சிவில் டிப்ளமா முடித்து 9 வருடமாகத் திருச்சியில் சைட் இன்ஜினீயராக இருக்கிறேன். மாதம் 38,000 ரூபாய் கைக்கு வருகிறது. இப்போது துபாயில் ஒரு கட்டுமான கம்பெனியிலிருந்து மாதம் 7,500 திர்ஹாம் என்று ஆஃபர் வந்திருக்கிறது. வீடு, சாப்பாடு நம் செலவு. மனைவி பி.எட். முடித்து இங்கே ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறார். மகளுக்கு நாலு வயது.

வீட்டில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அக்கா வீட்டுக்காரர் அங்கே வங்கியில் இருக்கிறார். "கண்ணை மூடிக்கொண்டு வா மச்சான், இந்த மாதிரி ஊர் எங்கேயும் கிடைக்காது" என்கிறார். சித்தப்பா அதே ஊரில் 18 வருடம் கொத்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். "என் மகள் சடங்கை லேபர் கேம்ப்ல உட்கார்ந்து வீடியோ கேசட்டில்தான் பார்த்தேன். நீ போகாதே" என்கிறார். இரண்டு பேரும் என் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

குளித்தலை வாசகி:

நான் அங்கே வாழ்ந்ததில்லை. அண்ணன் அழைத்ததால் 2023 ஜனவரியில் அம்மா அப்பாவோடு ஆறு நாள் போய் வந்தேன். புர்ஜ் கலீஃபாவில் 124-வது மாடிக்கு ஏறினோம். ஆனால் அம்மா இன்றுவரை பேசுவது அப்ராவைப் பற்றித்தான். தேராவிலிருந்து பர் துபாய்க்கு அந்த மரப் படகில் ஒரு திர்ஹாம். காற்று வாங்கிக்கொண்டே அன்று மாலை மட்டும் நாலு தடவை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போனோம். சுற்றிப் பார்க்க அருமையான ஊர், அதுவும் குளிர்காலத்தில்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அம்மா குருமாவுக்கென்று கசகசா பொட்டலம் கட்டிப் பெட்டியில் வைத்திருந்தார். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அண்ணன் போன் செய்து அதை எடுக்க வைத்தான். அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள், ஜெயில் வரைக்கும் போகும். நீங்கள் போனால் வீட்டில் கட்டித் தரும் மசாலாப் பொடியில்கூட அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரம்பலூர் எலக்ட்ரீஷியன்:

தம்பி, உங்கள் மச்சான் சொல்வதும் உண்மை, சித்தப்பா சொல்வதும் உண்மை. நான் 2011-லிருந்து 2024 வரை அங்கே இருந்தேன். சித்தப்பா பார்த்த துபாயில் இரண்டு வருடம், உங்கள் மச்சான் பார்க்கிற துபாய்க்குப் பக்கத்தில் எட்டு வருடம்.

ஐ.டி.ஐ. வயர்மேன் படித்துவிட்டு ஏஜென்டிடம் 85,000 ரூபாய் கட்டித்தான் போனேன். ஆள் எடுக்கிற செலவு கம்பெனியுடையது, தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. போய் இறங்கிய அன்றே கேம்ப் பொறுப்பாளர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டார். அதுவும் சட்டப்படி தப்பு, அதுவும் தெரியாது. கேம்ப் இருந்தது சோனாப்பூரில். மேப்பில் முஹைஸ்னா 2 என்று போட்டிருக்கும், ஆனால் யாரும் அந்தப் பேர் சொல்ல மாட்டார்கள். ஒரு ரூமில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். சம்பளம் 900, ஓவர்டைம் சேர்த்தால் 1,200. அப்போது ஒரு திர்ஹாமுக்கு 12 ரூபாய்தான்.

காலை நாலே முக்காலுக்கு பஸ் வந்து நிற்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12:30-லிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த நேரத்தில் பாதி முடிந்த கட்டடத்தில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருப்போம். வெயில் நமக்குப் புதிதா என்ன என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பெரம்பலூர் வெயில் காயும். அங்கே ஆகஸ்டில் கடல் ஈரமும் சேர்ந்துகொள்ளும், வியர்வை காயவே காயாது. சாயங்காலம் ரூமுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டும். நான் கூட்டிச் சொல்லவில்லை, சித்தப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்குக் கீழ்க் கட்டிலில் விழுப்புரத்துக்காரர் ஒருவர். அவர் அம்மா தவறியபோது லீவும் கிடைக்கவில்லை, டிக்கெட்டுக்குக் காசும் இல்லை. ராத்திரி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலே முக்காலுக்கு எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

2013-ல் ஒப்பந்தம் முடிந்து விசா கேன்சல் ஆனதும் வேறு கம்பெனிக்கு மாறினேன். சம்பளம் 2,800. தேராவில் நாயிஃப் பக்கம் ஒரு பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு, மாதம் 600. அங்கேயும் ஒரு ரூமில் ஆறு பேர், கட்டிலுக்குக் கட்டில் திரைச்சீலை. ஆனால் சாவி என் பையில் இருந்தது. கீழக்கரைக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு ஆக்குவார். அவர் ஊரில் வெளிநாட்டில் இருப்பவர்களை சபுராளி என்பார்களாம். அவர் அப்பாவும் சபுராளி, தாத்தாவும் சபுராளி. அந்த ரூமில்தான் எனக்கு அந்த ஊர் மேல் பிரியம் வந்தது.

2016-ல் சூப்பர்வைசர் ஆகி, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அல் குசைஸில் வீடு எடுத்தேன். நல்ல வருடங்கள் தம்பி. மனைவி ராத்திரி 11 மணிக்குத் தனியாகப் பிள்ளையை வண்டியில் தள்ளிக்கொண்டு பால் வாங்கி வருவாள், எனக்கு ஒரு கவலையும் இருக்காது. 2019-ல் அப்பா தவறிய செய்தி ராத்திரி 2 மணிக்கு வந்தது. மறுநாள் மத்தியானம் ஊரில் இருந்தேன். ஃப்ரீசர் பெட்டியில் வைத்து எனக்காகக் காத்திருந்தார்கள். விழுப்புரத்துக்காரரும் நானும் ஒரே ஊரில் வேலை பார்த்தோம். அவருக்கு டிக்கெட் எடுக்க முடியவில்லை, எனக்கு முடிந்தது. உங்கள் வீட்டு இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அதுதான்.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். 2023-ல் என் வீட்டுச் செலவைச் சொல்கிறேன். ஒரு பெட்ரூம் வீட்டு வாடகை ஆண்டுக்கு 52,000, அதை நாலு செக்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பழைய குடியிருப்பு என்பதால் அந்த வாடகை, புதிதாக வந்தவர்கள் கூடக் கொடுத்தார்கள். மாதக் கணக்கில் 4,330. வருட வாடகையில் 5 சதவீதம் ஹவுசிங் ஃபீ என்று தேவா (அங்கே கரண்ட், தண்ணீர் வாரியம்) பில்லோடு சேர்ந்து வரும், அது மாதம் 217. கரண்ட், தண்ணீர் 400. மகள் பள்ளிக்கூடமும் பஸ்ஸும் 850. மளிகை, காய்கறி, கேஸ் 1,400. இன்டர்நெட்டும் போனும் 450. என் மெட்ரோ பாஸ் 350. கூட்டினால் கிட்டத்தட்ட 8,000. இதில் ஒரு தலைவலி, ஒரு காய்ச்சல், ஊருக்கு ஒரு டிக்கெட் எதுவும் இல்லை. அந்த வருடம் என் சம்பளம் 8,200. கையில் நின்றது ஓவர்டைம் பணம் மட்டும்தான்.

வீடு பிடிக்கும்போது முதலில் போட வேண்டிய காசு தனி. டெபாசிட், புரோக்கர் கமிஷன், எஜாரி என்கிற வாடகை ஒப்பந்தப் பதிவு, அப்புறம் தேவாவுக்கு 2,000 டெபாசிட். கையில் ஒரு நல்ல தொகை இல்லாமல் குடும்பத்தைக் கூட்டிப் போனால் முதல் மாதமே கிரெடிட் கார்டில் கை வைப்பீர்கள். நன்றாகப் படித்த, நன்றாகச் சம்பாதித்த ஆட்கள் அங்கே மாட்டிக்கொண்டதெல்லாம் அந்த இடத்தில்தான். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் நான் சொல்வது: போங்கள், ஆனால் முதலில் தனியாகப் போங்கள். புரொபேஷன் அதிகபட்சம் ஆறு மாதம். அது முடியும்வரை உங்கள் மனைவி வேலையை விட வேண்டாம். தனி ஆளுக்கு ஒழுங்கான பார்ட்டிஷன் (பெரிய ரூமைத் தடுத்து விடும் சின்ன அறை), சாப்பாடு, மெட்ரோ எல்லாம் சேர்த்து 2,500-க்குள் முடித்துவிடலாம். மீதியில் 4,500 வீட்டுக்கு அனுப்பினால்கூட லட்ச ரூபாய்க்கு மேல் வரும்.

கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேளுங்கள்: 7,500-இல் பேசிக் எவ்வளவு? முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம்தான் கிராஜுவிட்டி. பேசிக் 3,000 என்று போட்டால் ஐந்து வருடம் கழித்து 10,500 வரும். 4,500 என்று போட்டால் 15,750. மொத்தச் சம்பளம் ஒன்றுதான், போகும்போது கையில் வாங்குவது வேறு. அங்கே தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரில் இருப்பதுதான் கணக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் போனில் சொன்னதும் செல்லாது. விசிட் விசாவில் வந்து சேருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். விசிட்டில் வேலை செய்வது சட்ட விரோதம், சம்பளம் தராவிட்டால் போய்க் கேட்கக்கூட முடியாமல் தவிப்பீர்கள்.

அல் நஹ்தா அம்மா:

அண்ணன் கணக்கை எழுதிவிட்டார். நான் உங்கள் மனைவிக்காக எழுதுகிறேன். பக்கத்து எமிரேட்டான ஷார்ஜாவில் ஏழு வருடமாக இருக்கிறேன், கணவருக்கு வேலை துபாயில். வாடகை குறைவு என்றுதான் இங்கே எடுத்தோம். ஆனால் அவர் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் இத்திஹாத் ரோட்டு நெரிசலைத் தாண்ட முடியும். சாயங்காலம் அதே கதை. மகன் விழித்திருக்கும்போது அப்பா வீட்டில் இருப்பது சனி, ஞாயிறு மட்டும்தான். வாடகையில் மிச்சப்படுத்தியதை இந்த வழியில் கொடுக்கிறோம். இதையும் கணக்கில் சேருங்கள்.

வேலை பார்த்த பெண் சும்மா வீட்டில் இருப்பது ரொம்பக் கஷ்டம். நவம்பர் முதல் மார்ச் வரை பார்க்குக்குப் போகலாம், கடற்கரைக்குப் போகலாம், சொர்க்கம். ஜூன் வந்துவிட்டால் ஜன்னலைத் திறக்க முடியாது. ஏசி சத்தமும் நானும் பிள்ளையும்தான். அம்மாவிடம் முகம் பார்த்துப் பேசக்கூட வாட்ஸ்அப் கால் எடுக்காது. போட்டிம் என்ற ஆப் போட்டுத்தான் பேசுகிறேன். முதல் வருடம் தினமும் அழுதேன். பிறகு வேலை கிடைத்தது, நிலைமை மாறிவிட்டது.

உங்கள் மனைவி டீச்சர் என்பதால் வழி இருக்கிறது. கணவர் விசாவில் இருந்துகொண்டே வேலைக்குப் போகலாம், சேர்கிற இடத்தில் ஒர்க் பெர்மிட் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் பட்டச் சான்றிதழ், பி.எட். சான்றிதழ் இரண்டுக்கும் ஊரிலேயே அட்டஸ்டேஷன் (சான்றிதழ் உண்மையானது என்று அதிகாரிகளிடம் முத்திரை வாங்குவது) முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். திருமணச் சான்றிதழுக்கும் சேர்த்து. நான் இங்கே வந்த பிறகு என் சான்றிதழ்களை ஊருக்கு அனுப்பி, அப்பா அலைந்து அலைந்து, அது திரும்பி வருவதற்குள் ஒரு கல்வியாண்டே போய்விட்டது.

உறையூர் சிவில்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். கம்பெனியில் பேசிக் எவ்வளவு என்று கேட்டேன், 3,000 என்றார்கள். 4,500 கேட்டேன். 4,000-க்கு ஒத்துக்கொண்டு புது ஆஃபர் லெட்டர் அனுப்பிவிட்டார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

தனியாகப் போவதாக முடிவு. மனைவி வேலையில் இருப்பார். அவருடைய சான்றிதழ்களை அட்டஸ்டேஷனுக்குக் கொடுத்துவிட்டோம். ஆறு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

சித்தப்பாவிடம் நேற்று சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், தேராவில் பனியாஸ் ஸ்கொயர் பக்கத்தில் அவர் பூசிய கட்டடம் ஒன்று உண்டு, கீழே துணிக்கடை, மேலே நீலக் கண்ணாடி, அது இன்னும் நிற்கிறதா என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அங்கே எப்படிப் போவது?

பெரம்பலூர் எலக்ட்ரீஷியன்:

கட்டாயம் போங்கள் தம்பி. மெட்ரோவிலேயே போகலாம். ரெட் லைனில் வந்தால் யூனியனில் இறங்கி கிரீன் லைன் மாறுங்கள், அடுத்த ஸ்டேஷன் பனியாஸ் ஸ்கொயர். காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். நாலு பக்கமும் நின்று எடுத்து அனுப்புங்கள், எந்தப் பக்கச் சுவர் தன்னுடையது என்று அவருக்கு நினைவிருக்கும்.