பெரிய வீட்டுப் பங்காளிக குரூப்

மெய்யப்பன்: நேத்து சிக்னலே இல்ல, அதான் யாருக்கும் பதில் போடல. சண்டக்கான்ல எறங்கி அங்கேருந்து வேன்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல, சுக்காவ்னு ஒரு ஆத்தங்கரை ஊரு. ஆத்துப் பேரு கினபத்தாங்கான், 560 கிலோமீட்டர், மலேசியாவுல இந்த சபா மாநிலத்துலயே நீளமான ஆறு

மெய்யப்பன்: 📷 📷 📷

சொக்கு சித்தப்பா: தண்ணி என்னடா டீ மாதிரி இருக்கு

மெய்யப்பன்: மழைக்காலம் சித்தப்பா, மண்ணக் கரைச்சுக்கிட்டு வருது. நம்ம ஊருக்கு மழை கொண்டாற அதே வடகெழக்குப் பருவக்காத்துதான் இங்கயும், கரை தாண்டி காட்டுக்குள்ள போயி நிக்குது, மரமெல்லாம் இடுப்பளவு தண்ணியில நிக்குது பாருங்க மூணாவது போட்டோ

வள்ளி: அப்பத்தா கேக்குறாக, ஆத்துல குளிச்சியான்னு

மெய்யப்பன்: முதலை இருக்கு அப்பத்தா 😄 கைய வெளிய நீட்டாதன்னு படகுக்காரரு சொல்லிட்டாரு. அவுக ஓராங் சுங்கை ஆளுக, சுங்கைன்னா ஆறு, ஆத்து மனுசங்கன்னே பேரு. பெரிய பெரிய எறா பிடிக்கிறாக, அவுக தாத்தா காலத்துல இந்தத் தண்ணியத்தான் குடிச்சாகளாம்

வள்ளி: அப்பத்தா சொல்றாக, நாங்களும் ஊருணித் தண்ணிதான் குடிச்சோம், கால் நனைச்சா ஊரே வையும்னு

அழகு அண்ணன்: அந்த மூக்கு நீளமா இருக்கே அது என்ன நம்ம சித்தப்பா மாதிரி

சொக்கு சித்தப்பா: 🤨

அழகு அண்ணன்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மெய்யப்பன்: 😂😂 நீளமூக்குக் கொரங்கு, சபா இருக்க இந்தப் போர்னியோ தீவத் தவிர வேற எங்கயும் காட்டுல கெடையாது. பழுத்த இனிப்புப் பழம் தின்னா வயித்துல புளிச்சு ஊதிரும், அதனால எலையும் காயும்தான். சாயங்காலம் ஆனா ஆத்தோர மரத்துக்குத்தான் தூங்க வருது, அதான் படகுல இருந்தே இத்தனை பாத்தோம். யானை, ஒராங்குட்டான், எட்டு வகை இருவாச்சிப் பறவை எல்லாம் இந்த ஒரு ஆத்தச் சுத்தித்தான்

உமா ஆச்சி: அவ்வளவு பெரிய காடாடா

மெய்யப்பன்: அதான் ஆச்சி எனக்கே ஏமாத்தம். படகுல போனா ரெண்டு பக்கமும் அடர்காடு, வேன்ல வரும்போது பாத்தா அந்தக் காடு பல எடத்துல ஒரு பட்டைதான், பின்னாடி கண்ணுக்கெட்டுன வரை செம்பனை

உமா ஆச்சி: அது எந்தப் பனை

மெய்யப்பன்: பாமாயில் மரம். மொதல்ல மரம் வெட்டுனாக, அப்புறம் தோட்டம் போட்டாக. 2005ல மிச்சம் இருந்ததுல சுமார் 26,000 ஹெக்டேர சரணாலயம் ஆக்குனாக, அதுவும் துண்டு துண்டா கெடக்கு. ஒராங்குட்டானுக்கு நீச்சல் தெரியாது, முன்னாடி பெரிய மரம் ரெண்டு கரையிலயும் கை கோத்து நிக்கும், அது மேலயே கடந்து போயிரும். இப்ப மரம் இல்லாததால வாய்க்கா மாதிரி இருக்க கெளை ஆத்துல எல்லாம் பழைய தீயணைப்பு ஹோஸக் கட்டி பாலம் போட்டு வச்சிருக்காக

சொக்கு சித்தப்பா: தோட்டம் இல்லாட்டி அந்த ஊருக்காரன் என்னடா சாப்புடுவான், நம்ம ஐயாவும் மலாயாவுல ரப்பர் தோட்டத்துக்கு வட்டிக்குக் குடுத்துதான் இந்த வீட்டக் கட்டுனாக

மெய்யப்பன்: சரிதான் சித்தப்பா, படகுக்காரரு மகனே தோட்டத்துலதான் வேலை. ஆனா கரைய ஒட்டி வெட்டுனா மண்ணு சரிஞ்சு ஆத்துக்குள்ள வருது, உரமும் சேந்து வருது, எறா கொறஞ்சு போச்சுன்னு அவரே பொலம்புறாரு. கரையோரம் மட்டும் விட்டுருக்கலாம்ங்கிறாரு, அவ்வளவுதான்

உமா ஆச்சி: எங்கிட்ட தை மொகூர்த்தத்துக்கு நானூறு தேங்கொழல் ஆர்டர் இருக்குடா. பாமாயில் டின்னத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், எந்த நாட்டு எண்ணெய்ன்னு போடல

வள்ளி: அப்பத்தா சொல்றாக, கடலை எண்ணெயில சுட்டுக் குடுன்னு

உமா ஆச்சி: வெலைய அப்பத்தா குடுப்பாகளா

வள்ளி: தூங்கிட்டாகளாம் 😄

உமா ஆச்சி: மெய்யா, அந்த மூக்குக் கொரங்கு போட்டோவ தனியா அனுப்பு, பசங்க கேக்குதுக