டெரி ஃபாக்ஸ் ஓட்டம்: சொந்தக் காரணம் இல்லாதவர் ஓடக் கூடாதா?

நெடுந்தீவான்: புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் சேர்க்கக் கனடாவில் ஆண்டுதோறும் நடக்கும் டெரி ஃபாக்ஸ் ஓட்டத்துக்கு, வீட்டில் அந்த நோயைக் காணாதவர்கள் வருவது படம் எடுக்கத்தான் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. ஆனாலும் செப்டெம்பர் வந்தால் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்க்கிறேன். அது நடிப்பா?

ஸ்கார்பரோ வாசன்: எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாம். அந்த டெரி 1980இல் பணம் சேர்க்கக் கனடாவின் குறுக்கே ஏன் ஓடினார்? 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தார், அதனால் ஓடினார். நான் அம்மாவைப் பறிகொடுத்தவன். நீங்கள் யாருக்காக ஓடுகிறீர்கள்?

நெடுந்தீவான்: கால் போனதற்காக அவர் ஓடவில்லை. 1979இல் புற்றுநோய்ச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தைப் படியுங்கள். சிகிச்சைக்கு வந்த மற்றவர்களின் முகங்களைப் பற்றித்தான் எழுதினார். துணிவாகச் சிரித்தவர்கள், சிரிப்பதையே விட்டுவிட்டவர்கள். அவர்களுக்காக ஓடினார்.

ஸ்கார்பரோ வாசன்: கால் போகாவிட்டால் அந்த முகங்களை எங்கே பார்த்திருப்பார்? அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒரு கட்டுரையைக் கொடுத்தார். செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தான் ஓடிய டிக் ட்ராம் பற்றியது. எண்ணம் அன்றே பிறந்துவிட்டது. கால்தான் காரணம்.

மார்க்கம் மலர்: வாசன் அண்ணா, டெரி ஒவ்வொரு கனடியரிடமும் ஒரு டாலர் கேட்டார், காரணம் கேட்கவில்லை. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடி 40 லட்சம் டாலர் சேர்ந்தது. அத்தனை பேர் வீட்டிலும் நோயாளி இருந்தாரா? என் மகள் பள்ளிக்கு இரண்டு டாலர் நாணயம் கொண்டுபோகிறாள். அவளையும் விசாரிப்பீர்களா?

ஸ்கார்பரோ வாசன்: பிள்ளையை இழுக்காதீர்கள் தங்கச்சி. பேச்சு காலைப் பற்றியது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எப்படி வந்தது? தங்கை புற்றுநோயில் இறந்ததால்தான் முத்துலட்சுமி ரெட்டி அதற்காகப் போராடினார். 1954இல் 12 கட்டில்களோடு தொடங்கியது. பட்டவருக்குத்தான் தெரியும்.

நெடுந்தீவான்: தங்கையை இழந்தவர் அவர் ஒருவர். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் தங்கையை இழந்தவர்களா?

வல்லிபுரத்தாள்: பணம் என்றதும் நினைவு வருகிறது. நமது ஊர்ச் சங்க நடைபவனியில் சேர்த்த காசுக்கு இன்னும் கணக்கு வரவில்லை. பொறுப்பில் இருந்தவர் இங்கேதான் பாடம் நடத்துகிறார்.

ஸ்கார்பரோ வாசன்: கணக்குப் புத்தகம் செயலாளரிடம் இருக்கிறது அக்கா. தலைவர் பதவி கிடைக்காத கோபத்தை இங்கே கொட்ட வேண்டாம்.

வல்லிபுரத்தாள்: பதவியை நானா கேட்டேன்? கூட்டக் குறிப்பைப் போடுங்கள், ஊர் பார்க்கட்டும்.

நெடுந்தீவான்: கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஸ்கார்பரோ வாசன்: பதில் சொல்லியாகிவிட்டது. 1980இல் நுரையீரலுக்கு நோய் பரவி தண்டர் பே நகரில் ஓட்டத்தை நிறுத்தும்வரை 143 நாள், 5,373 கிலோமீட்டர் அந்தச் செயற்கைக் காலோடு ஓடினார். கால் காரணமில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மார்க்கம் மலர்: நான் சொல்வேன்.