1951-இல் தோல்வியே காணாத சான் பிரான்சிஸ்கோ கல்லூரி அணி ஏன் கலைக்கப்பட்டது?

கேள்வி – மூஞ்சிக்கல், கொடைக்கானல்

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். சென்ற மாதம் சமவெளியில் நடந்த ஒரு கால்பந்துப் போட்டிக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். அணியில் பளியர் குடியிருப்பைச் சேர்ந்த மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள். அவர்களை மட்டும் மற்றவர்களோடு தங்கவைக்க இயலாது, வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கே சொன்னார்கள். நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் அணித் தலைவன் யாரையும் கேட்காமல் பைகளை எடுத்து மீண்டும் வேனில் வைத்தான்; பதினைந்து பேரும் ஏறிவிட்டார்கள்; வத்தலக்குண்டு வழியாக இரவோடு இரவாக மலையேறிவிட்டோம். மறுநாள், "விளையாடியிருந்தால் ஜெயித்திருப்போமே, சார்" என்று சிறியவன் ஒருவன் அழுதான். அவனுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒரு கல்லூரி அணி இதேபோல் நின்றது என்றும், அதற்குத் தண்டனையாகவே அந்த அணி கலைக்கப்பட்டது என்றும் செண்பகனூர் நண்பர் ஒருவர் கூறினார். மாணவர்களிடம் சொல்வதற்கு முன் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் – குன்னூர்

ஐயா, உங்கள் நண்பர் குறிப்பிட்டது சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியைத்தான். செண்பகனூரைப் போலவே அதுவும் இயேசு சபையார் நடத்தும் நிறுவனம் என்பதால் அவர் காதுக்கு எட்டியிருக்கலாம். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: அவர்கள் ஆடியது நம் கால்பந்து அன்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்.

1951-இல் அவர்கள் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றார்கள். பயிற்சியாளர் ஜோ குஹாரிச். அணியில் கறுப்பின வீரர்கள் ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்ற இருவர் மட்டுமே. அந்த ஆண்டு மேட்சன் பந்தை ஏந்தி ஓடிக் கடந்த 1,566 கஜத்தை நாட்டின் வேறெந்தக் கல்லூரி வீரரும் எட்டவில்லை. தாக்குதலில் மட்டுமல்ல, தடுப்பிலும் அவர் ஆடினார். நியூயார்க் சென்று ஃபோர்டம் அணியை 32–26 என்று வென்றபோது, எதிரணி உதைத்த தொடக்கப் பந்தைப் பிடித்து ஒரு முறைக்கு இரு முறை மைதானத்தின் மறுகோடிவரை ஓடியிருக்கிறார். அந்த ஒரு ஆட்டத்தையாவது மாணவர்களுக்கு விரிவாகச் சொல்லுங்கள். பிறகு பசிபிக் கல்லூரியை 47–14 என்றும், கடைசி ஆட்டத்தில் லொயோலாவை 20–2 என்றும் வென்றார்கள்.

பருவம் முடிந்ததும் சிறந்த அணிகளைப் புத்தாண்டையொட்டி நடக்கும் 'பவுல்' ஆட்டங்களுக்கு அழைப்பது வழக்கம். அவற்றில் பல, நிறப்பிரிவினை ஆட்சி செய்த தென் மாநிலங்களில் நடந்தன. இருவரையும் விட்டுவிட்டு வந்தால் இடம் உண்டு என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாகவும், ஒருவர்கூட அதற்கு இசையவில்லை என்றும் அணியினர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எந்த ஆட்டத்திற்கும் அவர்கள் போகவில்லை. மயாமியின் ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியா டெக்கும் பெய்லரும் ஆடின.

பதில் – பெருமாள்மலை

குன்னூர் நண்பர் கூறியது சரி. ஆனால் "தண்டனையாகக் கலைக்கப்பட்டது" என்பதை மட்டும் மாணவர்களிடம் சொல்லாதீர்கள், ஐயா. போர் முடிந்ததும் அரசு உதவியோடு படைவீரர்கள் கல்லூரிகளில் வந்து குவிந்தார்கள். இந்த அணியின் ஜினோ மார்க்கெட்டியே ஐரோப்பியப் போர்முனையில் நின்று திரும்பியவர்தான். அந்த அலை ஓய்ந்த வேளையில் பெரிய அணி நடத்தும் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. அவர்கள் ஆடிய அதே கீசார் மைதானத்தில் ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற தொழில்முறை அணி 1946 முதல் ஆடிவந்தது. நுழைவுச்சீட்டுக்குக் கொடுக்கும் பணத்தை மக்கள் எங்கே கொடுப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. அண்டையிலிருந்த செயின்ட் மேரிஸ், சான்டா கிளாரா, தெற்கே லொயோலா ஆகிய கத்தோலிக்கக் கல்லூரிகளும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இந்த ஆட்டத்தைக் கைவிட்டன. ஆக, நோய் முன்பே இருந்தது. பவுல் ஆட்டத்தில் கிடைத்திருக்கும் பங்குத்தொகை சிறிது காலம் தாங்கியிருக்கலாம். அதை இழக்கத் துணிந்தார்கள் என்பதே அவர்கள் செய்ததன் கனத்தைக் காட்டுகிறது.

அழுத மாணவனுக்கு இதைச் சொல்லுங்கள்: மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றார். அவரும் மார்க்கெட்டியும் பாப் செயின்ட் கிளேரும் தொழில்முறை ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்கள். டோலருக்கு முழங்காலில் பட்ட அடியால் ஆடும் வாழ்க்கை முடிந்தது. அவரோ 1965-இல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தின் முதல் கறுப்பின நடுவரானார், சான் பிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியராகவும் இருந்தார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தண்டனைக் கதையைத்தான் சொல்லவிருந்தேன். அது கேட்பதற்கு உருக்கமாக இருந்திருக்கும், ஆனால் அந்தச் சிறுவனிடம் பொய் சொன்னவனாகியிருப்பேன். வரும் சனிக்கிழமை பயிற்சிக்கு முன், ஒன்பது வெற்றிகளையும் பணக்கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன். டோலர் தலைமையாசிரியரானதை அந்த இரு மாணவர்களில் ஒருவனிடம் தனியாகவும் சொல்லவேண்டும். ஆசிரியராகவேண்டும் என்று என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறான்.